பழங்குடி இளையோர் பாலியல் நல மனப்பான்மை அளவீடு

பாலியல் நலம் குறித்துப் பழங்குடி இளைஞர்கள் என்ன நினைக்கிறார்கள், நினைத்ததைச் செய்யத் தங்களால் முடியும் என்று எவ்வளவு நம்புகிறார்கள் என்பதை வினாத்தாள் வழியே மதிப்பிடும் முறை. மனப்பான்மையை அளக்க ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் வகுத்த அளவுகோலும், நம்பிக்கையை அளக்க ஆல்பர்ட் பண்டுரா 1977இல் முன்வைத்த தன்திறன் கோட்பாடும் அடிப்படை.

மனப்பான்மையும் நம்பிக்கையும் ஒன்றல்ல. "ஆணுறை அவசியம்" என்பதற்கு முழுமையாக உடன்படும் பெண், இணையர் மறுத்தால் வற்புறுத்த முடியுமா என்ற கேள்விக்கு "முடியாது" என்று குறிக்கலாம். திட்டங்கள் கவனிக்க வேண்டியது இந்த இடைவெளியைத்தான்; அறிவு மதிப்பெண் மட்டும் போதாது.

ஆஸ்திரேலியாவின் 'கோவானா' ஆய்வு இத்துறையில் முக்கியமானது. ஜேம்ஸ் வார்ட் தலைமையில், 2011 முதல் 2013 வரை, 16–29 வயதுள்ள அபொரிஜினல், டோரஸ் நீரிணைத் தீவு இளையோரிடம் அறிவு, நடத்தை, மருத்துவச் சேவைப் பயன்பாடு ஆகியவை கேட்கப்பட்டன. வீடு வீடாகப் போகவில்லை. விளையாட்டு, பண்பாட்டு விழாக்களில் கையடக்கக் கருவியில் அவர்களே பதிலளித்தார்கள். கூச்சத்துக்கு இது நல்ல மருந்து. ஆனால் விழாவுக்கு வராதவர்கள் கணக்கில் வருவதில்லை. ஆய்வின் இரண்டாம் சுற்று 2020 வரை நடைபெற்றது.

நகர மாணவர்களுக்கென எழுதிய வினாக்களை அப்படியே கொண்டுபோவது பிழை. உறவுமுறைக் கட்டுப்பாடு, ஆண்-பெண் தனித்தனியே பேசும் வழக்கம் ஆகியவற்றைப் பற்றிச் சமூகத்தாரோடு கலந்துபேசியே வினாக்களை அமைக்க வேண்டும்.