சங்கரன்கோவில் போறீங்களா? காரை எங்கே நிறுத்துவது, எத்தனை மணிக்குள் ஊருக்குள் வருவது? முழு விவரம்

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலுக்குக் காரில் வருபவர்களில் பலர் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். செல்போன் மேப்பில் கோவில் பெயரைப் போட்டுவிட்டு, அது காட்டுகிற வழியில் ராஜகோபுர வாசல் வரைக்கும் வண்டியைக் கொண்டு வந்துவிடுகிறார்கள். மேப்புக்குத் தெரிந்தது குறுக்கு வழி மட்டும்தான். அந்தத் தெருவில் ஒரு பக்கம் பூக்கடையும் மறுபக்கம் பாத்திரக்கடையும் இருப்பதோ, எதிரே ஒரு மினி லாரி வந்தால் இரண்டு வண்டியுமே நகர முடியாது என்பதோ அதற்குத் தெரியாது.

சாதாரண நாளில் இதனால் அரை மணி நேரம் வீணாகும், அவ்வளவுதான். ஆடித்தபசு அன்று கதையே வேறு. தபசுக் காட்சியையே தவறவிட வேண்டியிருக்கும். அதைவிட மோசம், தெருவை அடைத்து நிற்கும் அந்தக் காரால் 108 ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாமல் போகலாம்.

ரத வீதி காருக்குப் போட்ட ரோடு இல்லை

உக்கிரபாண்டியர் கட்டியதாகச் சொல்லப்படும் பழமையான கோவில் இது. ஒன்பது நிலைகளோடு சுமார் 125 அடி உயரத்தில் நிற்கும் கிழக்கு ராஜகோபுரம் ஊருக்கு வெளியே வரும்போதே தெரியும். உள்ளே சங்கரலிங்க சுவாமிக்கும் கோமதி அம்மனுக்கும் தனித்தனி சன்னதிகள். இரண்டுக்கும் நடுவில், பாதி சிவனும் பாதி பெருமாளுமாக நிற்கும் சங்கரநாராயணர் சன்னதி.

கோவிலைச் சுற்றி நான்கு ரத வீதிகள் இருக்கின்றன. பெயரே சொல்வதுபோல, இவை தேர் ஓடுவதற்காக விட்ட தெருக்கள். தேர் ஓடாத நாட்களில் கடைத்தெருவாக, வீட்டு வாசலாக, நடைபாதையாக இருந்து பழகியவை. மதுரையில் மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வாகனங்களுக்குத் தடையே போட்டுவிட்டார்கள். சங்கரன்கோவில் மதுரை அளவுக்குப் பெரிய ஊர் இல்லை. ஆனால் பிரச்சினை அதேதான்.

அதனால் எந்த நாளில் வந்தாலும் ஒரு பழக்கம் உதவும். ரத வீதிகளுக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, கடைசி தூரத்தை நடந்தோ ஆட்டோவிலோ வருவது. கூட வயசானவர்கள் இருந்தால், சாதாரண நாட்களில் அவர்களை முதலில் கோவில் அருகில் இறக்கிவிட்டு, வண்டியை வெளியே கொண்டுபோய் நிறுத்தலாம். திருவிழா நாட்களில் இது நடக்காது.

எந்தப் பக்கம் நிறுத்துவது?

ஊருக்குத் திரும்பிப் போகும் சாலை எதுவோ, அந்தப் பக்கத்தில் நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம். வரும்போது கொஞ்சம் கூடுதலாக நடந்தாலும், கூட்டம் கலையும்போது ஊருக்குக் குறுக்கே வண்டி ஓட்ட வேண்டியதில்லை.

மதுரையிலிருந்து வர இரண்டு வழிகள் உண்டு. நான்குவழிச் சாலையில் கோவில்பட்டி வந்து, அங்கிருந்து கழுகுமலை வழியாக வருவது ஒன்று. கோவில்பட்டியிலிருந்து சுமார் 40 கி.மீ. திருமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாக வருவது இன்னொன்று. ராஜபாளையத்திலிருந்து சுமார் 32 கி.மீ. முதல் வழியில் வருபவர்கள் ஊரின் கிழக்குப் பக்கமும், இரண்டாவது வழியில் வருபவர்கள் வடக்குப் பக்கமும் வந்து சேருவார்கள். திருநெல்வேலியிலிருந்து 56 கி.மீ. தென்காசி, செங்கோட்டை, கேரளா பக்கத்திலிருந்து வருபவர்கள் கடையநல்லூர், புளியங்குடி வழியாக வரலாம். சுரண்டை, சேர்ந்தமரம், வீரசிகாமணி வழியாகவும் வரலாம். திருவிழா சமயத்தில் கிளம்புவதற்கு முன்னாடி எந்த வழி திறந்திருக்கிறது என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

வண்டியை வெட்டவெளி மைதானத்தில் விடுவதாக இருந்தால் தரையை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். இந்தப் பக்கம் கரிசலும் செம்மண்ணும் கலந்த பூமி. காய்ந்திருக்கும்போது சிமெண்ட் தரை மாதிரிதான் இருக்கும். ராத்திரி ஒரு மழை அடித்தால் கரிசலில் டயர் இறங்கிவிடும், அப்புறம் டிராக்டர்தான் வர வேண்டும். வானம் மூட்டமாக இருந்தால் மைதானத்தின் நடுவில் போகாமல், சாலையை ஒட்டிய மேட்டில் இடம் பார்ப்பது நல்லது. கட்டணம் வாங்கினால் தொகை அச்சிட்ட ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். வண்டி நிற்கும் இடத்தை போட்டோ எடுத்து, மேப்பில் பின் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. இருட்டில் எல்லா மைதானமும் ஒரே மாதிரிதான் தெரியும்.

பகல் 12.30 முதல் 4 வரை நடை சாத்தியிருக்கும்

தூரத்திலிருந்து வருபவர்கள் ஏமாறுவது இதில்தான். கோவில் நடை காலையில் 5.30 வாக்கில் திறக்கும். பகல் பன்னிரண்டரை வாக்கில் சாத்திவிட்டு, மறுபடி மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். மதுரையில் நிதானமாக டிபன் சாப்பிட்டு, வழியில் இரண்டு இடத்தில் நின்று, ஒரு மணிக்கு வந்து இறங்கினால் மூன்று மணி நேரம் வெயிலில் காத்திருக்க வேண்டியதுதான். காலை 8 மணிக்குள் ஊருக்குள் வந்துவிட்டால் வண்டி நிறுத்தவும் இடம் கிடைக்கும், புற்று மண் வாங்க நிற்கும் வரிசையும் சின்னதாக இருக்கும்.

செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு வருவது பல பேருக்குப் பழக்கம். வண்டி வெளியே நிற்கிறது என்றால் அது வேண்டாம். பதினொரு மணி வெயிலில் ரத வீதித் தாரில் வெறுங்காலோடு குழந்தையால் நடக்க முடியாது. கோவில் வாசல் வரைக்கும் போட்டுவந்து, அங்கே விடுவதுதான் சரி.

செல்போனுக்கும் யோசித்து வைக்க வேண்டும். தமிழகக் கோவில்களுக்குள் செல்போன் பயன்படுத்தத் தடை விதிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. போனை வெளியே கொடுத்துவிட்டுப் போக நேர்ந்தால் ஒருவரை ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பது? "வெளியே வந்ததும் இந்த இடத்தில் நிற்பது" என்று குடும்பத்தில் எல்லோரும் முதலிலேயே பேசிக்கொண்டால் போதும்.

ஆடித்தபசு அன்று எப்படி வருவது?

சங்கன் சிவ பக்தர், பத்மன் பெருமாள் பக்தர். இரண்டு பேருமே நாக அரசர்கள். யார் பெரியவர் என்று இவர்களுக்குள் வந்த சண்டையைத் தீர்க்க, அம்மன் ஒற்றைக்காலில் தவம் இருந்ததாகவும், இருவரும் ஒருவரே என்று காட்ட இறைவன் சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்ததாகவும் தல வரலாறு சொல்கிறது. அதைத்தான் ஒவ்வொரு ஆடி மாதமும் 12 நாள் விழாவாகக் கொண்டாடுகிறார்கள்.

தேதியில் முதலில் கவனம் வேண்டும். ஆடி பௌர்ணமி அன்றுதான் தபசு என்று நினைத்து டிக்கெட் போடுபவர்கள் உண்டு. கணக்கு உத்திராடம் நட்சத்திரம்தான். 2024-ல் ஜூலை 21-ம் தேதி வந்தது, அன்று பௌர்ணமியும் சேர்ந்துகொண்டது. 2025-ல் ஆகஸ்ட் 7-ம் தேதி வந்தது, பௌர்ணமி அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான். அன்று தென்காசி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். அதனால் சுற்றுவட்டார ஊர்களே கிளம்பி வந்துவிடும்.

கூட்டம் கடைசி நாளில்தான் என்று நினைக்க வேண்டாம். கொடியேற்றம் ஆனதுமே ஆடிச்சுற்று தொடங்கிவிடும். 108 சுற்று நேர்ந்துகொண்டவர்கள் அன்றே வந்து சுற்றுவார்கள். ஒன்பதாம் நாள் அம்மன் தேரோட்டம். தேர் வரும் நாளில் ரத வீதியில் ஒரே ஒரு வண்டி நின்றாலும் போதும், அத்தனை பேர் வடம் பிடித்தும் தேர் நின்றுவிடும். முதல் நாள் ராத்திரியே வீதிகளைக் காலி செய்யச் சொல்வது இதனால்தான்.

பதினோராம் நாள்தான் தபசு. தெற்கு ரத வீதியில் உள்ள தபசு மண்டபத்தில் அம்மன் காத்திருக்க, மாலையில் சுவாமி ரிஷப வாகனத்தில் சங்கரநாராயணராகக் காட்சி தருவார். அந்த நேரத்தில் விவசாயிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தி, மிளகாய் வத்தல், நெல் என்று கொண்டுவந்து சூறை விடுவார்கள். ராத்திரி இரண்டாவது காட்சி. இந்த முறை யானை வாகனத்தில் சங்கரலிங்கமாக வருவார்.

இதைக் கிட்டத்தில் நின்று பார்க்க நினைப்பவர்கள் மதியத்துக்கு முன்னாடியே வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்துவிட வேண்டும். நாலு மணிக்கு ஊர் எல்லையில் நுழைந்தால், காட்சி நடக்கும்போது பார்க்கிங் மைதானத்தில்தான் இருக்க வேண்டியிருக்கும். பலருக்குத் தெரியாத இன்னொரு வழி இரவுக் காட்சி. மாலைக் காட்சி முடிந்ததும் ஒரு பகுதிக் கூட்டம் கிளம்பிவிடும். கைக்குழந்தையோடு வருபவர்களும், முட்டி வலிக்காரர்களும் இரவுக் காட்சிக்குத் திட்டமிடுவது நல்லது.

தபசு நாட்களில் பஸ்கள் ஊருக்குள் வராது. சாலைக்கு ஒன்றாகத் தற்காலிக பஸ் நிலையங்கள் அமைப்பார்கள், கார், வேன்களுக்குத் தனித்தனி நிறுத்தம் ஒதுக்குவார்கள். எந்தச் சாலையில் எந்த இடம் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. விழாவுக்குச் சில நாள் முன்பு மாவட்ட காவல்துறை வெளியிடும் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். போன வருஷம் நிறுத்திய இடத்தை நம்பி வருவது சரிப்படாது.

தடை செய்த இடத்தில் வண்டியை விட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-வது பிரிவின்படி போலீஸ் இழுத்துக்கொண்டு போகலாம். அந்தச் செலவும் வண்டிக்காரர் தலையில்தான். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து நோ பார்க்கிங் அபராதம் முதல் தடவை 500 ரூபாய், அடுத்தடுத்த தடவை 1,500 ரூபாய்.

லோடு வண்டியில் வருபவர்கள் கவனிக்க

பார்க்கிங்கைவிட முக்கியமான விஷயம் இது. கிராமங்களிலிருந்து லோடு ஆட்டோவிலும் டிராக்டர் டிரெய்லரிலும் இருபது, முப்பது பேர் ஏறி வருவது இந்தப் பக்கம் சகஜம். வாடகை குறைவு, ஊரே ஒன்றாக வரலாம் என்பது உண்மைதான். ஆனால் சரக்கு வாகனத்தில் பயணிகளாக வந்தவர்களுக்கு விபத்து நடந்தால், இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. டிரைவரிடம் இன்சூரன்ஸ் பேப்பர் இருக்கிறது என்பது பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் பாதுகாப்பு ஆகாது. தபசுக்கு சிறப்பு பஸ்கள் விடுகிறார்கள். ஆள் அதிகம் என்றால் பயணிகள் பெர்மிட் உள்ள வேனைப் பிடிப்பதுதான் சரி.

ராத்திரியில் இந்தச் சாலைகளில் பாதயாத்திரை வருபவர்களும் இருப்பார்கள். பல இடங்களில் தெருவிளக்கு கிடையாது. கார் ஓட்டுபவர்கள் வேகத்தைக் குறைக்க வேண்டும். நடப்பவர்கள் பையின் பின்பக்கம் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

வேறு எந்த நாட்களில் நெருக்கடி?

மார்ச், செப்டம்பர் மாதங்களில் 21, 22, 23 தேதிகளில் சூரியக் கதிர் கருவறை லிங்கத்தின் மேல் விழும் என்பதால் காலையிலேயே கூட்டம் சேரும். சிவராத்திரி ராத்திரி வேறு மாதிரி. சங்கரன்கோவில், கரிவலம்வந்தநல்லூர், தாருகாபுரம், தென்மலை, தேவதானம் ஆகிய ஐந்து பஞ்சபூதத் தலங்களையும் ஒரே இரவில் பார்க்க வேன்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அன்று எந்த ஊரிலும் வண்டி நீண்ட நேரம் நிற்காது. அதனால் இடம் கிடைத்துவிடும், ஆனால் சாலையில் நெரிசல் இருக்கும்.

வெளியூர்க்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாத நாட்கள் இரண்டு உண்டு. ஆகஸ்ட் 20 ஒண்டிவீரன் நினைவு நாள். செப்டம்பர் 1 பூலித்தேவன் பிறந்தநாள். இரண்டு நிகழ்ச்சிகளும் சங்கரன்கோவிலை அடுத்த நெற்கட்டும்செவல் பகுதியில் நடக்கும். இதையொட்டி மாவட்ட நிர்வாகம் தடை உத்தரவு போட்டு, வெளியிலிருந்து கூட்டமாக வரும் வாடகை வாகனங்களைக் கட்டுப்படுத்துவது வழக்கம். வேன் பிடித்துக் கோவிலுக்கு வருபவர்களும் செக்போஸ்ட்டில் நிற்க நேரிடும். ஆகஸ்ட் கடைசியில் குடும்பத்தோடு வர நினைப்பவர்கள் அந்தத் தேதிகளைத் தவிர்த்துவிடலாம்.

காரே வேண்டாம் என்றால்?

சங்கரன்கோவிலுக்கு ரயில் நிலையம் இருக்கிறது. விருதுநகர் - தென்காசி பாதையில், சென்னை - செங்கோட்டை பொதிகை எக்ஸ்பிரஸ் நின்று போகும் நிலையம் இது. சென்னையில் ராத்திரி ஏறினால் காலையில் இங்கே இறங்கிவிடலாம். நடை திறந்திருக்கும் நேரம் என்பதால் வசதி. ஸ்டேஷனிலிருந்து கோவிலுக்கு ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். வாடகையை ஏறுவதற்கு முன்னாடியே பேசிக்கொள்ள வேண்டும். தபசு நாட்களுக்கு ரயில் டிக்கெட் சீக்கிரமே தீர்ந்துவிடும். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பு திறக்கும்போதே போட்டுவிடுவது நல்லது.

தபசு அன்று மாலை ஒரே இடத்தில் அத்தனை பேர் இருப்பதால் போன் லைன் கிடைப்பது கஷ்டம். குழந்தையின் கையில் அப்பா அல்லது அம்மாவின் நம்பரைப் பேனாவால் எழுதிவிட வேண்டும். குழந்தை தொலைந்தால் பக்கத்தில் நிற்கும் போலீசாரிடம் உடனே சொல்ல வேண்டும். 112-க்கும் 1098-க்கும் அழைக்கலாம்.

திரும்பும்போது எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் கிளம்பும். காட்சி முடிந்த உடனே மைதானத்துக்கு ஓடுவதைவிட, ஒரு மணி நேரம் இருந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் ஏறக்குறைய அதே நேரத்துக்கே வீடு போய்ச் சேரலாம். மறுநாள் காலையில் நேரம் இருந்தால், கோவில்பட்டி பக்கம் போகிறவர்கள் வழியில் 20 கி.மீ. தூரத்தில் கழுகுமலையில் நின்று, பாண்டியர்கள் ஒரே பாறையில் குடைந்த வெட்டுவான் கோவிலையும் சமணச் சிற்பங்களையும் பார்க்கலாம். மலை மேல் நிழல் கிடையாது. ஒன்பது மணிக்கு முன்னாடி ஏறிவிட வேண்டும்.