பாக்கின் மீதான தீர்ப்பு

மதுரையில், ஆயர் குடியிருப்பில், கோவலனுக்கு உணவிட்ட பின் கண்ணகி வெற்றிலையும் பாக்கும் அளிக்கிறாள். சிலம்பு விற்க அவன் புறப்படுவதற்குச் சற்று முன் நிகழ்வது அது. அந்தத் தாம்பூலத்தில் புகையிலை இல்லை, இருந்திருக்கவும் முடியாது. அமெரிக்கக் கண்டத்துச் செடியான புகையிலை போர்ச்சுக்கீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்து சுமார் 400 ஆண்டுகளே ஆகின்றன. தாமதமாக வந்த இந்த விருந்தாளியின் நிழலில் பாக்கு நெடுங்காலம் ஒளிந்திருந்தது என்பதே வாய்ப்புற்றின் வரலாற்றில் நாம் கவனிக்கவேண்டிய செய்தி.

அன்று திருவிதாங்கூரிலும் இன்று குமரி மாவட்டத்திலும் உள்ள நெய்யூரின் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் பென்டல், 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றிய தொகுப்பை 1908இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். திருவிதாங்கூரில் தாம்பூலம் தரிப்போருக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி மருத்துவர் ஓர் 1933இல் லான்செட் இதழில் எழுதினார். ஆகவே தாம்பூலத்தின் மீதான சந்தேகம் புதியதன்று. மெல்வதில் எது குற்றவாளி என்பதே கேள்வியாக நீடித்தது. புகையிலை, பாக்கு, சுண்ணாம்பு, வெற்றிலை நான்கும் ஒரே வாயில் அரைபடும்போது ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிவது எளிதல்லவே.

லியோனில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றை உண்டாக்கும் என்று 1985இல் அறிவித்தது. புகையிலை சேராததற்குச் சான்று போதவில்லை என்றது. பின்னர் தைவானிலிருந்து சான்றுகள் வந்தன. அங்கே பாக்கை மெல்வோர் புகையிலை சேர்ப்பதில்லை. ஆயினும் வாய்ப்புற்று மிகுந்திருந்தது. 2004இல் வெளியான முகமையின் தொகுதி, பாக்கே புற்றுக்காரணி என்று தீர்ப்பளித்தது. வெற்றிலையின் மீது தனியே அத்தகைய தீர்ப்பு இல்லை.

பாக்கு செய்வது என்ன? அதிலுள்ள அரிகோலின் என்னும் பொருள், வாயின் மென்தோலுக்கு அடியிலுள்ள செல்களைத் தூண்டிக் கொலாஜன் நாரை மிகுதியாகச் சுரக்கவைக்கிறது. கன்னம் மெல்ல மெல்ல இறுகுகிறது. ஒரு கவளம் சோற்றுக்குக் கூட வாய் திறக்க மறுக்கிறது. கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் இந்நோயைக் கண்டு 1952இல் பதிவு செய்தவர் ஷ்வார்ட்ஸ். இவ்வாறு இறுகிய வாயில் புற்று தோன்றும் வாய்ப்பு அதிகம். சுண்ணாம்பின் காரம் பாக்கின் வேதிப்பொருள்களை விடுவித்து, மரபணுக்களைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பிறக்க இடம் தருகிறது. புகையிலையின் நைட்ரோசமைன்கள் அச்சிதைவைப் பெருக்குகின்றன. பழுதுற்ற செல்லைத் தடுத்து நிறுத்தும் பி53 போன்ற காவல் மரபணுக்களே பழுதாகும்போது செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. மேலைநாடுகளில் இதே வேலையைச் சிகரெட்டும் மதுவும் செய்தன. தொண்டைப் புற்றில் ஒரு பகுதிக்குப் பாப்பிலோமா வைரஸ் காரணம்.

இத்தனைக்கும் இது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வளரும் நோய். திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். புகையிலை, மதுப் பழக்கம் உடையோரிடையே வாய்ப்புற்று மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்பதை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது.

‘புகையிலை கலவாதது’ என்ற சொல்லை நம்பி வாசனைப் பாக்குப் பொட்டலத்தைப் பிள்ளைகள் கையிலும் கொடுக்கிறோம். அந்த நம்பிக்கைக்கு இருந்த கடைசி ஆதாரமும் 2004இல் விழுந்துவிட்டது. மங்கலத் தட்டில் வெற்றிலை இருக்கட்டும். பாக்கை வாயிலிடுமுன் நாம் ஒருமுறை யோசிப்போம்.