காடும் கோயிலும் வாக்குச்சீட்டும்

வன்னித் தேர்தல் மேடைகளில் சுற்றுச்சூழல் என்ற சொல்லை நான் அரிதாகவே கேட்டிருக்கிறேன். காணி என்ற சொல் ஒலிக்காத மேடையோ இல்லை. அங்கே இரண்டும் ஒரே வழக்கின் இரு பக்கங்கள் என்பது எனக்குப் பிந்தியே விளங்கியது.

வழக்கு பழையது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், காட்டையும் தரிசையும் பயிரிடாத நிலத்தையும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என்றது. தலைமுறைகளாகச் சேனை செய்தவர்கள் உறுதி காட்டவேண்டியவர்களாயினர். 1907இன் வனக் கட்டளைச் சட்டம் அந்தப் பிடியை இறுக்கியது. திருத்தங்களோடு அது இன்றும் நடைமுறையில் உள்ளது.

பின்னர் போர் வந்தது. மக்கள் இடம்பெயர்ந்தார்கள், வயல்களில் பற்றை வளர்ந்தது. 2009க்குப் பின் திரும்பியவர்கள் பலர் தங்கள் காணியில் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல்லைக் கண்டார்கள். ‘எஞ்சிய காடுகளை’ அத்திணைக்களத்திடம் ஒப்படைத்தது 2001ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கை. 2020 நவம்பரில் அது நீக்கப்பட்டு, அதிகாரம் மாவட்ட, பிரதேச செயலாளர்களிடம் திரும்பியபோது, கொழும்புச் சூழலியலாளர்கள் நீதிமன்றம் சென்றார்கள். அவர்களின் அச்சம் நியாயமானது. வயலை இழந்தவனின் ஆத்திரமும் நியாயமானதே.

வன்னிச் சைவர்களுக்குக் காடு பகையன்று. குளக்கட்டில் மரநிழலில் ஐயனாரை வைத்து வணங்கிய மரபு அவர்களுடையது. ஆனால் நெடுங்கேணி வெடுக்குநாறி மலையில், 2024 மார்ச் 8 சிவராத்திரி இரவில் வழிபாட்டின்போது எட்டுப் பேர் கைதாகி, 19ஆம் திகதிதான் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். அங்கே முன்னின்றது தொல்லியல் சட்டம். பக்தர்கள் கண்ணிலோ தொல்லியல், வனவளம், பொலிஸ் எல்லாம் ஒரே சீருடைதான். பாதுகாப்பு என்ற சொல்லையே அவர்கள் ஐயத்தோடு கேட்பதற்கு இதுதான் காரணம்.

இவ்விடத்தில் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வன்னித் தேர்தல் மாவட்டத்துக்குள் அடங்கும் மன்னார் மரிச்சுக்கட்டியில், 1990இல் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் மீளக் குடியேறியபோதும் இதே கதைதான். அவர்கள் இல்லாத காலத்தில் காடு மூடிய நிலம் 2012இல் வனமாக வர்த்தமானியில் வந்தது. தெற்கில் பௌத்த தேசியவாத அமைப்புகள் திடீரென வில்பத்துக் காட்டின் காவலர்களாயின. அந்த முஸ்லிம்களுக்காக எங்கள் மேடைகளில் எத்தனை குரல் எழுந்தது? எல்லைக்கல் யாருடைய முற்றத்தில் நடப்படுகிறது என்று பார்த்தே தெற்கும் நாமும் காட்டைப் பற்றி முடிவு செய்திருக்கிறோம்.

2024 நவம்பர் 14 பொதுத்தேர்தலில் தேசிய மக்கள் சக்தி வன்னியில் முதலிடம் பெற்று, ஆறு ஆசனங்களில் இரண்டை வென்றது. தமிழ்க் கட்சிகளின் கோட்டை என்று நாம் எழுதிவந்த மாவட்டம் அது. கொடியை மட்டும் பார்த்து வாக்களிக்காத மக்களுக்குக் காட்டைப் பற்றிப் பேசினாலும் விளங்கும்.

பேசவேண்டிய தேவையும் இருக்கிறது. மணலும் மரமும் களவு போகின்றன. காடு அழிந்தால் குளம் தூர்ந்துவிடும். குளம் தூர்ந்தால் வயலும் இல்லை, கோயில் மடைக்கு அரிசியும் இல்லை. இதை வன்னி விவசாயிக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. கல்லை நடுமுன் அவரைக் கேட்கும் வழக்கம்தான், 1840 முதல் இன்றுவரை, எந்த அரசுக்கும் வரவில்லை.