1 யூரோவுக்கு இத்தாலியில் வீடு... வாங்கிய பிறகுதான் இருக்கு செலவு! காண்ட்ராக்டரிடம் சிக்காமல் புதுப்பிப்பது எப்படி?

ஒரு டீ, ஒரு வடை விலைக்கு வீடு கிடைக்குமா? கிடைக்கும், இத்தாலியில்! '1 யூரோ வீடு' என்று சமூக வலைதளங்களில் அடிக்கடி வலம்வரும் இந்தச் செய்தி பொய்யில்லை. ஆனால் அது பாதி உண்மைதான். வீட்டின் விலை 1 யூரோ. அதை மனிதர்கள் குடியிருக்கும்படி மாற்றுவதற்கு ஆகும் செலவு பல்லாயிரம் யூரோ.

இந்தத் திட்டம் என்ன? வாங்கினால் என்னென்ன செய்ய வேண்டும்? அங்குள்ள காண்ட்ராக்டர்களிடம் எதில் உஷாராக இருக்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

எதற்காக 1 யூரோ?

இத்தாலியின் மலைக் கிராமங்களில் இருந்து இளைஞர்கள் வேலை தேடி நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் போய்விட்டார்கள். வீடுகள் பூட்டியே கிடந்து பாழடைந்தன. சிசிலி தீவில் உள்ள சலேமி என்ற ஊர், 1968 நிலநடுக்கத்தில் கடும் சேதத்தைச் சந்தித்தது. அங்கு 2008-ல் மேயரான விட்டோரியோ ஸ்கார்பி, இடிந்த வீடுகளை 1 யூரோவுக்குத் தரலாம் என்ற யோசனையை முன்வைத்தார். பிறகு பல ஊர்கள் அதைக் கையில் எடுத்தன.

2019-ல் சிசிலியின் சம்புகா ஊர் இப்படி அறிவித்தபோது உலகம் முழுவதும் பேச்சானது. அங்கு 1 யூரோ என்பது ஏலத்தின் ஆரம்ப விலை மட்டுமே. ஏலம் முடிந்தபோது பல வீடுகள் ஆயிரக்கணக்கான யூரோவுக்குப் போயின. ஹாலிவுட் நடிகை லொரெய்ன் பிராக்கோ அங்கு ஒரு வீடு வாங்கிப் புதுப்பித்தது, 2020-ல் டிவி தொடராகவே வந்தது.

நிபந்தனைகள் என்ன?

ஊருக்கு ஊர் விதி மாறும். பொதுவாக இருப்பவை இவை:

* பெரும்பாலும் 5,000 யூரோ அளவில் டெபாசிட் கட்ட வேண்டும்.
* குறிப்பிட்ட காலத்துக்குள் (பல ஊர்களில் 3 ஆண்டுகள்) புதுப்பிக்கும் பணியை முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் டெபாசிட் போய்விடும்.
* பத்திரப்பதிவு, நோட்டரி கட்டணம், வரி எல்லாம் வாங்குபவர் தலையில்தான். இதுவே சில ஆயிரம் யூரோ ஆகும்.

இதில் முக்கியமான ஒன்று, வில்லங்கம். தாத்தா பெயரில் உள்ள வீட்டுக்கு அமெரிக்காவில் ஒரு பேரன், அர்ஜென்டினாவில் ஒரு பேத்தி என்று வாரிசுகள் சிதறிக் கிடப்பார்கள். ஒருவர் கையெழுத்து விடுபட்டாலும் சிக்கல்தான். நில ஆவணத்தில் உள்ள வரைபடமும் வீட்டின் இப்போதைய அமைப்பும் ஒத்துப்போகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். இதை நோட்டரியிடம் கேட்டுத் தெளிவுபடுத்தாமல் பணம் கொடுக்கக் கூடாது.

உண்மையான செலவு எவ்வளவு?

இந்த வீடுகள் பெரும்பாலும் கல் சுவர், மர உத்திரம், ஓட்டுக்கூரை கொண்டவை. பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருக்கும். கூரை சரிந்திருக்கலாம், கழிவுநீர்க் குழாய் இல்லாமலே இருக்கலாம். மின்சார வயரிங்கை முழுசாக மாற்ற வேண்டிவரும். நிலநடுக்க அபாயமுள்ள பகுதி என்றால் சுவரையும் பலப்படுத்த வேண்டும்.

முழுமையாகப் புதுப்பிக்க சதுர மீட்டருக்கு 1,000 யூரோ என்று வைத்துக்கொண்டாலும், 50 சதுர மீட்டர் (சுமார் 540 சதுர அடி) வீட்டுக்கு 50,000 யூரோ வந்துவிடும். வீட்டின் நிலையைப் பொறுத்து இது இன்னும் ஏறும். பழைய கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் தனிச் செலவு. இத்தாலி அதை 1992-லேயே தடை செய்துவிட்டது. சாதாரண கொத்தனார் அதைக் கழற்றிப் போட முடியாது. அனுமதி பெற்ற நிறுவனம்தான் அகற்ற வேண்டும்.

யார் இந்த 'ஜியோமெத்ரா'?

இத்தாலியில் வீட்டு வேலை செய்ய முதலில் பிடிக்க வேண்டிய ஆள் காண்ட்ராக்டர் அல்ல, ஜியோமெத்ரா. சர்வேயர், வரைவாளர், மேற்பார்வையாளர் எல்லாம் சேர்ந்த ஒரு தொழில்நுட்ப நிபுணர் இவர். நகராட்சியில் அனுமதி ஆவணங்களைத் தாக்கல் செய்வது, வேலையை அளப்பது, பில்லைச் சரிபார்ப்பது இவர் வேலை. தாங்கு சுவர், உத்திரம் போன்ற பெரிய கட்டமைப்பு மாற்றம் என்றால் இன்ஜினீயரும் தேவை.

இங்குதான் பலர் கோட்டை விடுகிறார்கள். காண்ட்ராக்டரே "எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கார், அவரையே வச்சுக்கலாம்" என்பார். மேற்பார்வை செய்பவர் காண்ட்ராக்டரின் ஆளாக இருந்தால், தப்பை யார் சுட்டிக்காட்டுவது? ஜியோமெத்ராவை வீட்டு உரிமையாளரே தனியாகத் தேர்வு செய்வதுதான் பாதுகாப்பு.

எஸ்டிமேட்டில் என்ன பார்க்க வேண்டும்?

"மொத்தம் 40,000 யூரோ, எல்லாம் அடக்கம்" என்று ஒரு வரியில் வரும் எஸ்டிமேட்டை நம்பக் கூடாது. எத்தனை சதுர மீட்டர் பூச்சு, எத்தனை மீட்டர் குழாய், ஒவ்வொன்றுக்கும் என்ன ரேட் என்று வரிவரியாக இருக்க வேண்டும். குறைந்தது 3 பேரிடம் ஒரே பட்டியலைக் கொடுத்து விலை கேட்டால்தான் ஒப்பிட முடியும். சாரம் கட்டுவது, இடிபாடுகளை அள்ளுவது, வாட் வரி ஆகியவை சேர்ந்ததா என்று கேட்பது அவசியம். வீடு புதுப்பிக்கும் பணிகளுக்குப் பொதுவாக 10 சதவீத சலுகை வாட் உண்டு. வழக்கமான வாட் 22 சதவீதம்.

வேலை நடக்கும்போது "இதையும் மாத்திடலாமா?" என்ற பேச்சில்தான் பில் எகிறும். இத்தாலிய சிவில் சட்டப்படி, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் காண்ட்ராக்டர் வேலையை மாற்ற முடியாது. அந்த அனுமதிக்கு எழுத்துபூர்வ ஆதாரமும் வேண்டும். எனவே வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல், ஒவ்வொரு மாற்றத்தையும் விலையோடு எழுதி வாங்குவது நல்லது.

பணம் எப்படிக் கொடுப்பது?

மொத்தமாக அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ஊர் திரும்புவதுதான் மிகப்பெரிய ஆபத்து. கூரை முடிந்தால் இவ்வளவு, குழாய் வேலை முடிந்தால் இவ்வளவு என்று கட்டம் கட்டமாகத் தர வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் ஜியோமெத்ரா அளந்து சான்று தந்த பிறகே பணம். ஒரு பகுதியைக் கடைசிவரை பிடித்து வைப்பதையும், தாமதத்துக்கு அபராதத்தையும் ஒப்பந்தத்திலேயே எழுதலாம்.

"பில் இல்லாம குறைச்சுத் தர்றேன்" என்ற ஆஃபரும் வரும். பில் இல்லை என்றால் பிறகு வழக்குப் போட ஆதாரமும் பலவீனமாகிவிடும். 2023 முதல் 5,000 யூரோ அல்லது அதற்கு மேல் ரொக்கமாகக் கொடுப்பதற்கே தடை இருக்கிறது.

தொழிலாளிக்கு விபத்து நடந்தால்?

பலர் யோசிக்காத விஷயம் இது. 2008-ல் வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டப்படி, வேலை கொடுக்கும் வீட்டு உரிமையாளருக்கும் பொறுப்பு உண்டு. காண்ட்ராக்டர் தன் தொழிலாளர்களுக்கான காப்பீடு, சமூகப் பாதுகாப்புத் தொகையை ஒழுங்காகக் கட்டியிருக்கிறாரா என்பதைக் காட்டும் 'டுர்க்' சான்றிதழை வாங்கிப் பார்க்க வேண்டும். அது 120 நாட்களுக்குத்தான் செல்லும். ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் வேலை செய்தால், பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரையும் நியமிக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு தாமதம்?

2020-ல் கொரோனா காலத்தில் வீட்டுப் புதுப்பிப்புக்கு 110 சதவீத வரிச்சலுகையை இத்தாலி அறிவித்தது. நாடே வீட்டை இடித்துக் கட்டக் கிளம்ப, கொத்தனாருக்கும் சாரத்துக்கும் தட்டுப்பாடு வந்து விலை எகிறியது. சாதாரண காலத்திலும் ஆகஸ்ட் மாதம் பெரும்பாலான வேலை நின்றுவிடும், அது அங்கு விடுமுறைக் காலம். டெபாசிட்டுக்கான 3 ஆண்டு கெடுவைக் கணக்கிடும்போது இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வேலை மோசமாக இருந்தால்?

* மறைந்திருந்த குறை தெரியவந்தால் 60 நாட்களுக்குள் காண்ட்ராக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். வழக்குக்கான கெடு, வீட்டை ஒப்படைத்ததில் இருந்து 2 ஆண்டுகள்.
* கட்டடத்தையே பாதிக்கும் பெரிய குறை என்றால் பொறுப்பு 10 ஆண்டுகள். குறையைக் கண்ட ஓராண்டுக்குள் புகார் சொல்ல வேண்டும்.
* கண்ணுக்குத் தெரிந்த குறையோடு வேலையை ஏற்றுக்கொண்டுவிட்டால் உத்தரவாதம் கிடையாது. கடைசிநாள் அவசரத்தில் கையெழுத்துப் போடுவது ஆபத்து.

இந்தியாவில் இருந்து வாங்க முடியுமா?

இத்தாலியில் குடியுரிமையோ வசிப்பிட அனுமதியோ இல்லாத வெளிநாட்டினருக்கு, 'உங்கள் நாட்டில் எங்கள் மக்களுக்கு என்ன உரிமையோ, அதுவே இங்கு உங்களுக்கு' என்ற விதி உண்டு. எனவே இதை முதலிலேயே நோட்டரியிடம் உறுதிசெய்ய வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி இந்தியாவில் வசிக்கும் ஒருவர், ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அந்தச் சொத்தை வருமான வரிக் கணக்கிலும் காட்ட வேண்டும்.

வீடு வாங்கினால் விசா கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சொத்து இருப்பதால் மட்டும் வசிப்பிட உரிமை வராது. சுற்றுலா விசாவில் போனால் 180 நாட்களில் 90 நாட்கள்தான் தங்க முடியும். மீதி நாட்களில் வேலையைக் கண்காணிக்க நம்பகமான ஆள் அந்த ஊரிலேயே இருக்கிறாரா என்பதை, 1 யூரோவைக் கட்டுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.