செவிலியர் இடமாற்றமும் ஊழிய அழைப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

நமது திருச்சபையின் மருத்துவ ஊழியத்தைக் குறித்து எழுதப்பட்ட நூல்களில் மருத்துவர்களின் பெயர்களும், கட்டடங்களுக்கு அடிக்கல் நாட்டப்பட்ட நாட்களும் நிறைந்து காணப்படுகின்றன. அக்கட்டடங்களில் இரவும் பகலும் விழித்திருந்த செவிலியர்கள் ஒரு வார்டிலிருந்து மற்றொரு வார்டிற்கும், ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கும் மாற்றப்பட்ட வரலாறோ அரிதாகவே எழுதப்பட்டுள்ளது. "மாறுதல்" என்னும் ஒரே சொல்லில் அது அடங்கிவிடுகிறது. அம்மாறுதலை யார் தீர்மானித்தார், மாற்றப்பட்டவரின் சம்மதம் கேட்கப்பட்டதா என்பவை நிர்வாகக் கேள்விகள் மாத்திரம் அல்ல. அவை அழைப்பைக் குறித்த இறையியல் கேள்விகளுமாகும்.

இதன் வேர் செருமனி நாட்டிலுள்ள கைசர்ஸ்வெர்த் என்னும் சிற்றூரில் உள்ளது. அங்கே 1836-ஆம் ஆண்டு தியோடர் ஃபிலீட்னர் என்னும் போதகர் உதவிக்காரிகளுக்கென ஒரு தாய்மனையை ஏற்படுத்தினார். அங்குப் பயிற்சி பெற்ற சகோதரிகளுக்குச் சம்பளம் இல்லை. உணவும் உடையும் சிறு கைச்செலவுப் பணமும் முதுமையில் பராமரிப்பும் உண்டு. அதற்கு ஈடாக, தாய்மனை அனுப்புமிடத்திற்கு அவர்கள் செல்லவேண்டும். 1849-இல் சிலர் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகருக்கும், 1851-இல் சிலர் எருசலேமுக்கும் சென்றனர். அந்த 1851-ஆம் ஆண்டிலேயே ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் சுமார் மூன்று மாதங்கள் கைசர்ஸ்வெர்த்தில் தங்கிக் கற்றார். ஆனால் 1860-இல் இலண்டனில் புனித தோமா மருத்துவமனையோடு இணைந்து அவர் தொடங்கிய பள்ளியோ தாய்மனை அன்று. அது செவிலியத்தை ஊதியத்திற்குரிய தொழிலாகவே கண்டது. நம் நாட்டு மிஷன் மருத்துவமனைகள் இவ்விரண்டு ஊற்றுகளிலிருந்தும் நீர் முகந்தன. தொழிற்பயிற்சியை நைட்டிங்கேலிடமிருந்தும், கீழ்ப்படிதலைக் குறித்த எதிர்பார்ப்பைத் தாய்மனையிடமிருந்தும் பெற்றுக்கொண்டன. முதுமைப் பராமரிப்பைக் குறித்துத் தாய்மனை அளித்த வாக்குறுதியை மட்டும் எல்லா இடங்களிலும் எடுத்துக்கொள்ளவில்லை என்பது நமது கருத்து.

திண்டுக்கல் 1835 முதல் அமெரிக்கன் மதுரை மிஷனின் நிலையங்களில் ஒன்றாயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அங்கே ஊழியம் செய்த எட்வர்ட் செஸ்டர் ஐயர் குருவாகவும் மருத்துவராகவும் விளங்கி மருந்தகம் நடத்தினார். மதுரையில் டாக்டர் வான் ஆலன் பொது மருத்துவமனையையும், டாக்டர் ஹாரியட் பார்க்கர் அம்மையார் பெண்கள் மருத்துவமனையையும் நடத்தினர். பிறர் உடலைத் தொட்டுப் பராமரிக்கும் வேலை இழிவாக எண்ணப்பட்ட அக்காலத்தில், கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்தும் மிஷன் போர்டிங் பள்ளிகளிலிருந்துமே பெரும்பாலும் பெண்கள் இப்பணிக்கு முன்வந்தனர். பெற்றோர் தம் மகளை மருத்துவமனை மேட்ரனிடம் ஒப்படைத்தபோது, பெற்ற அதிகாரத்தையும் சேர்த்தே ஒப்படைத்தனர் எனலாம். ஆகவே அப்பெண்ணை எங்கே அனுப்புவது என்று மேட்ரன் தீர்மானித்ததை எவரும் வினவவில்லை.

வேலூரின் வரலாறு இதனை இன்னும் தெளிவாக்கும். 1902-இல் திறக்கப்பட்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனையில், 1909-இல் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரும் டீலியா ஹௌட்டன் அம்மையாரும் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினர். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி உருவாயிற்று. 1920-களில் பெரிய மருத்துவமனை நகருக்குள்ளே தோட்டப்பாளையத்தில் எழுந்தது. 1930-களில் கல்லூரி பாகாயத்திற்குச் சென்றது. செவிலியப் பட்டப்படிப்பு 1946-இல் தொடங்கிற்று. ஒரே கூரையின்கீழ் இருந்த ஊழியம் பல வளாகங்களாகப் பிரிந்தபோது, "நான் எந்த வளாகத்தைச் சேர்ந்தவள்?" என்னும் கேள்வியும் பிறந்தது.

இங்கே அதிகம் பேசப்படாத ஒரு காரியத்தைக் குறிப்பிடுதல் தகும். 1905-இல் மருத்துவ மிஷனெரிகளின் சங்கமாகத் தோன்றி, 1926-இல் இந்தியக் கிறிஸ்தவ மருத்துவச் சங்கம் எனப் பெயர் பெற்ற அமைப்பிலே, 1930-இல் செவிலியர் கழகம் ஏற்பட்டது. மிஷன் மருத்துவமனைகளுக்குப் பொதுவான தேர்வும் சான்றிதழும் நிலைபெற்றதனால், ஓர் ஊரில் கற்றவள் மற்றோர் ஊரில் அங்கீகாரத்தோடு பணியாற்ற இயன்றது. முன்பு மேட்ரனின் கடிதமே அவளுக்குத் தகுதிச் சான்று. பின்பு அவள் கையிலேயே சான்று இருந்தது. அதாவது, பிறர் அவளை மாற்றுவதேயன்றி அவளே இடம் மாறவும் வழி பிறந்தது. ஊதிய உயர்வைப்பற்றிய பேச்சுகளைவிட இச்சான்றிதழ் செவிலியரின் நிலையை அதிகம் மாற்றிற்று என்று நாம் எண்ணுகிறோம்.

இனி திண்டுக்கல் சமவெளிக்குத் திரும்புவோம். பழனி மலையடிவாரத்திலே, காய்கறிச் சந்தைக்குப் பேர்பெற்ற ஒட்டன்சத்திரத்தில், 1955-ஆம் ஆண்டு டாக்டர் ஏ. கே. தரியன், டாக்டர் ஜேக்கப் செரியன் ஆகியோரும் அவர்தம் உடன் ஊழியரும் கிறிஸ்டியன் ஃபெலோஷிப் மருத்துவமனையை ஏற்படுத்தினர். அது அயல்நாட்டு மிஷன் நிறுவியதன்று. இந்தியக் கிறிஸ்தவர்களின் சொந்த முயற்சி. ஐக்கியம் என்பதே அதன் பெயரில் உள்ளது. பின்னர் பணி அருகிலுள்ள அம்பிலிக்கைக்கும் விரிந்து, அங்கே சமுதாய நல மையம் வளர்ந்தது. 1985-இல் மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமானபோது இவ்விரண்டு ஊர்களும் அதனுள் அடங்கின.

ஒட்டன்சத்திரத்திற்கும் அம்பிலிக்கைக்கும் இடையே பேருந்தில் சிறிது நேரப் பயணமே. ஆயினும் பெரிய மருத்துவமனை வார்டில் பழகிய ஒரு செவிலியர் சமுதாய நலப் பணிக்கு மாறுவதாயின், அது தொலைவால் அளக்கத்தக்கதன்று. வார்டில் நோயாளி அவளிடம் வருகிறார். கிராமத்திலோ அவள் நோயாளியின் வாசலுக்குச் செல்கிறாள். வார்டில் அருகே மருத்துவர் உண்டு. கிராமத்தில் கர்ப்பிணியின் முகத்தையும் கால் வீக்கத்தையும் பார்த்து அவளே முடிவு செய்யவேண்டும். காசநோயாளி மாதக்கணக்கில் மருந்தை விடாமல் உட்கொள்கிறாரா என்று பின்தொடர்வதில் அறுவைச் சிகிச்சை அரங்கின் பெருமை இல்லை. ஆகவே இம்மாறுதலைச் சிலர் இறக்கமாகவும் சிலர் விடுதலையாகவும் கருதுவது இயல்பே.

நமது சபையைச் சேர்ந்த செவிலியர் ஒருவர், தாம் பணியாற்றிய நிறுவனத்தின் வேறொரு வளாகத்திற்குச் செல்லும்படி உத்தரவு பெற்றபின் நம்மிடம் ஆலோசனை கேட்க வந்தார். குழந்தைகள் வார்டில் பல்லாண்டு பழகியவர். வீட்டில் படுக்கையிலிருந்த தாயார். "ஐயா, போகமாட்டேன் என்று சொன்னால் அழைப்பை மறுத்தவளாவேனா?" என்பதே அவருடைய கேள்வி. அலுவலகத்தில் அவரிடம் அவ்வாறே கூறப்பட்டதாம். நாம் அப்படி எண்ணவில்லை என்றோம்.

குருமார்களாகிய நாம் இதில் ஒரு வேறுபாட்டைக் காணத் தவறிவிடுகிறோம். நமக்கும் சில ஆண்டுகளுக்கொருமுறை மாறுதல் உத்தரவு வருகிறது. முணுமுணுத்துக்கொண்டாவது மூட்டை கட்டுகிறோம். ஆனால் குருப்பட்டம் பெறும்போது நாம் பேராயருக்குக் கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுத்தோம். சபை நமக்குக் குடியிருக்க வீடு தருகிறது. செவிலியரோ அத்தகைய வாக்குக் கொடுத்தவரல்லர். நியமனக் கடிதத்தில் கையெழுத்திட்டார். அதிலுள்ள நிபந்தனைகளுக்கு அவர் கட்டுப்பட்டவரே. அந்நிபந்தனையை நிபந்தனை என்றே கூறவேண்டும். அதற்குத் தெய்வ அழைப்பு என்னும் பெயரைச் சூட்டுவது நேர்மையன்று.

வேதமும் இதில் எளிய விடை தரவில்லை. அந்தியோகியா சபை பவுலையும் பர்னபாவையும் அனுப்பியது ஜெபத்தின் பின்னரே. அவர்களும் அந்த ஐக்கியத்தின் நடுவில் இருந்தவர்களே. கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியாகிய பெபேயாளை உரோமைச் சபை ஏற்றுக்கொள்ளவேண்டுமெனப் பவுல் பரிந்துரைக்கிறார். கைசர்ஸ்வெர்த்தின் உதவிக்காரி ஊழியம் அவளைத் தன் முன்னோடியாகக் கொண்டது. ஆனால் அவளை யார் உரோமைக்கு அனுப்பினார், அவளாகவே சென்றாளா என்பதைப் பவுல் கூறவில்லை. அவளுக்குத் தேவையான உதவியைச் செய்யுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறார். அனுப்புகிறவர்கள் கவனிக்கவேண்டிய பகுதி அது.

2020-இல் கொரோனா பெருந்தொற்று வந்தபோது பிரசவ வார்டிலும் அறுவை அரங்கிலும் இருந்த செவிலியர் பலர் தொற்று வார்டுகளுக்கு மாற்றப்பட்டனர். ஆபத்துக் காலத்தின் மாறுதல் வேறு. அதை ஏற்றவர்களை நாம் மதிக்கிறோம். 2022-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இராணிப்பேட்டையில் புதிய வளாகத்தைத் திறந்தது. இத்தகைய திறப்புகளின்போது வேலூரோ திண்டுக்கல்லோ, செவிலியர் கேட்கும் கேள்விகள் ஒன்றே: இரவுப் பணி முடிந்தபின் பேருந்து உண்டா, பிள்ளைகளின் பள்ளி என்னாகும், இதுவரை கற்ற கைத்திறன் அங்கே பயன்படுமா, திரும்பி வர வழி உண்டா. இவற்றை உலகக் கவலை என்று ஒதுக்கும் பிரசங்கங்களை நாம் கேட்டிருக்கிறோம். அவற்றைச் செய்தவர்கள் குருமனையில் குடியிருந்தவர்கள்.

இவ்வரலாற்றை எழுத விரும்பும் இறையியல் மாணவர்க்கு ஒன்று கூறுவோம். ஆண்டறிக்கைகளோடு நில்லாமல், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி வட்டாரச் சபைகளில் ஞாயிறுதோறும் நம் முன்னே அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற செவிலியரிடம் செல்லுங்கள். எந்த ஆண்டில் எங்கே மாற்றப்பட்டீர்கள், உங்களிடம் யார் கேட்டார்கள் என்னும் இரண்டு கேள்விகளோடு தொடங்கலாம். அவர்களில் பலர் எண்பது வயதைத் தாண்டிவிட்டனர்.