வரிசையில் நிற்கும் நியாயம்

வீட்டில் ஒருவர் வீடியோ அப்லோடு செய்யும்போது இன்னொருவரின் அழைப்பு விட்டுவிட்டுக் கேட்டால், வேகம் போதவில்லை என்றே நினைக்கிறோம். வரலாறு வேறு சொல்கிறது. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கூப்பிடு தூரத்திலிருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான இணைப்பு, நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து வெறும் 40 பிட்டுக்குச் சரிந்தது. கம்பி அறுந்துவிடவில்லை, நெரிசலில் சிக்கிய பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) கணினிகள் மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருந்தன. கணினி ஆய்வாளர் வான் ஜேக்கப்சன், அனுப்பும் கணினியே நெரிசலை உணர்ந்து நிதானிக்க வழி செய்தார். ஆனால் அது அனுப்புபவரின் நல்லெண்ணத்தை நம்பிய ஏற்பாடு. பொறியாளர் ஜான் நேகிள் 1985-லேயே சொன்ன வழிதான் எனக்கு நியாயமாகப் படுகிறது: வழியிலுள்ள கருவியில் ஆளுக்கொரு வரிசை, முறைவைத்து வரிசைக்கு ஒரு பாக்கெட். அளவுக்கு மீறி அனுப்புபவரின் வரிசைதான் நீளும். அடுத்தவர் பங்கு குறையாது.

வேகமான திட்டத்துக்கு மாறினால் தீராதா என்று கேட்கலாம். வேகம் மட்டும் போதாது. 2010-ல் நிரலாளர் ஜிம் கெட்டிஸ் தம் வீட்டில் பெரிய கோப்பை அனுப்பியபோது, தாமதம் ஒரு நொடியைத் தாண்டியது. மெமரி மலிவானதால் மோடத்தில் தாராளமாக வைத்த பஃபரில் (தற்காலிகச் சேமிப்பிடத்தில்) பாக்கெட்டுகள் தேங்கிக் கிடந்தன. 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் ஜேக்கப்சனும் உருவாக்கிய 'கோடெல்' என்ற முறை வரிசையின் நீளத்தைப் பார்க்கவில்லை, காத்திருப்பை அளந்தது. காத்திருப்பு 5 மில்லிநொடிக்குக் குறையாமல் நீடித்தால் கோடெல் பாக்கெட்டைக் கைவிட்டது. நேகிளின் தனி வரிசைகளோடு அது சேர்ந்ததுதான் இன்று பல ரவுட்டர்களில் ஓடும் 'எஃப்க்யூ-கோடெல்'.