மின்னாமல் நின்ற நட்சத்திரம்

"மின்னுவது நட்சத்திரம், மின்னாதது கிரகம்" என்று படித்தது நண்பர்களுக்கு ஞாபகமிருக்கும். அந்த மின்னல்தான் வானியலாருக்குப் பெரிய தலைவலி. சூடும் குளிருமாக அலையும் காற்று, வரும் ஒளியைக் கலைத்துவிடும். டெலஸ்கோப்பை எவ்வளவு பெரிசாகக் கட்டினாலும் வெளிச்சம் கூடுமே தவிர, படம் தெளியாது. மலையுச்சிக்குப் போவதுதான் வழி என்று நியூட்டனே எழுதிவிட்டார்.

1953-ல் அமெரிக்கர் ஹொரேஸ் பாப்காக் வேறு வழி சொன்னார். காற்று ஒளியை எப்படிக் கோணலாக்குகிறதோ, அதற்கு நேர் எதிராக ஒரு கண்ணாடியைக் கணத்துக்குக் கணம் மாற்றினால் சரியாகிவிடாதா? யோசனை அருமை. செய்து பார்க்கத்தான் அன்றைக்குக் கருவி இல்லை.

பிற்பாடு இதில் பணத்தைக் கொட்டியது யார் தெரியுமோ? ராணுவம்! சோவியத் செயற்கைக்கோள்களைத் தரையிலிருந்தே படம் பிடிக்கத்தான். ஆனால் காற்றை அளக்கப் பக்கத்திலேயே பிரகாசமான நட்சத்திரம் ஒன்று வேண்டும். நினைத்த இடத்தில் கிடைக்குமா? சுமார் 90 கி.மீ. உயரத்திலுள்ள சோடியம் படலத்தில் லேசரை அடித்து நாமே ஒன்றை உண்டாக்கிக்கொள்ளலாம் என்று 1982-ல் வில்லியம் ஹேப்பர் சொன்னார். அது ரகசியக் கோப்புக்குள் போய்விட்டது. 1985-ல் பிரான்சில் ஃபுவா, லபேரி இருவரும் லேசர் நட்சத்திர யோசனையைத் தாங்களாகவே கண்டு வெளியிட்டார்கள். அமெரிக்க அரசு கதவைத் திறந்தது 1991-ல்தான். நடுவில் ஆறு வருஷம், விடை தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதாயிற்று. நினைத்தால் இப்பவும் ஆத்திரம்தான் வருகிறது.

இதற்கிடையே ஹவாயின் மௌனா கீ மலைமேல் ஜெர்ரி நெல்சன் வடிவமைத்த கெக் டெலஸ்கோப் எழுந்தது. 36 அறுகோணத் துண்டுகள் சேர்ந்து 10 மீட்டர் கண்ணாடி! துண்டுகள் இம்மியும் விலகாமல் விநாடிக்கு இரண்டு தடவை கம்ப்யூட்டர் சரிசெய்யும். இது வேறு, பாப்காக் சொன்னது வேறு; பலபேர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். முன்னது புவியீர்ப்பும் வெப்பமும் செய்யும் கோணலுக்கு. காற்றின் சேட்டைக்கு அந்த வேகம் எம்மாத்திரம்? பெரிய கண்ணாடியில் பட்டு வந்த ஒளியை, சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னதான இன்னொரு கண்ணாடியில் விழவைத்து, அதன் முதுகிலுள்ள 349 தள்ளுகோல்களால் விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை நெளிக்க வேண்டும். 1999-ல் இரண்டாவது கெக்கில் இது வேலை செய்தது. லேசர் நட்சத்திரம் 2004-ல் வந்தது.

பால்வீதியின் நடுவே நட்சத்திரங்கள் சுற்றும் பாதைகளைக் கெக்கில் வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்த ஆண்ட்ரியா கெஸ், அங்கே சுமார் 40 லட்சம் சூரியன்களின் எடையுள்ள கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருப்பதைக் காட்டி, 2020-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பாப்காக் 2003-லேயே காலமாகிவிட்டார்.